லோட்டஸ் 23: விற்பதற்காகவே செய்த கார்

லோட்டஸ் 23 என்ற பிரிட்டிஷ் பந்தயக் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஓட்டுநர் ஜிம் கிளார்க்கில்தான் தொடங்குவார்கள். 1962 மே மாதம், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடம், மழை, ஒரு சின்னக் கார் ஃபெராரியையும் போர்ஷேயையும் பின்னால் விட்டுப் போன அந்தச் சில சுற்றுகள். அந்தக் கதையை நானும் சொல்வேன். அதைச் சொல்லாமல் இந்தக் காரைப் பற்றி எழுத முடியாது. ஆனால் எனக்கு இதன் மேல் இத்தனை பிரியம் வந்ததற்குக் காரணம் கிளார்க் அல்ல. கிளார்க் கையில் கொடுத்தால் எந்தக் காரும் பறக்கும். சொந்தக் காசைப் போட்டு வாங்கி, தங்கள் ஊர்ப் பந்தயங்களில் ஓட்டியவர்களின் கையிலும் 23 ஜெயித்தது. இங்கிலாந்தில் மட்டுமல்ல, ஜப்பானில், மக்காவ் நகரில், நான் வசிக்கும் சிங்கப்பூரிலும்கூட. அந்தக் கதையைத்தான் யாரும் முழுசாகச் சொல்வதில்லை.

லோட்டஸை உருவாக்கிய காலின் சாப்மன் லண்டனில் கட்டுமானப் பொறியியல் படித்தவர். பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்து மாற்றிக் கட்டியதில் தொடங்கியது அவருடைய கார்ப் பைத்தியம். 1952-இல் லோட்டஸ் எஞ்சினியரிங் ஆரம்பம். 1959-இல் வடக்கு லண்டன் ஹார்ன்சியிலிருந்து ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் செஷன்ட் என்ற ஊருக்கு இடம்பெயர்ந்தார்கள். அங்கே லோட்டஸ் காம்பொனன்ட்ஸ் என்று ஒரு பிரிவு இருந்தது. பந்தயக் கார்களைச் செய்து வெளியாட்களுக்கு விற்பதுதான் அதன் வேலை. ஃபார்முலா ஒன் அணி நடத்துவதற்குக் காசு வேண்டுமே, அந்தக் காசில் ஒரு பங்கு இப்படி விற்கும் கார்களிலிருந்து வந்தது. 1962-இல் அந்தப் பிரிவின் சரக்காக வெளிவந்ததுதான் 23.

புதிதாக ஒன்றும் வரையத் தேவைப்படவில்லை. அதே ஆண்டின் ஒற்றை இருக்கைக் காரான, ஃபார்முலா ஜூனியர் என்ற சின்னப் பந்தய வகைக்கான லோட்டஸ் 22-இன் குழாய்ச் சட்டத்தை எடுத்து அகலப்படுத்தினார்கள். பக்கத்தில் இன்னொரு இருக்கைக்கு இடம் வந்தது. எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். மேலே ஃபைபர் கிளாஸ் பாடி. 750 சிசியிலிருந்து 1300 சிசி வரை வாங்குபவர் விரும்பும் சின்ன எஞ்சினைப் போட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். பெரும்பாலானோர் ஃபோர்டு ஆங்லியா என்ற சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினை காஸ்வொர்த் நிறுவனம் தேற்றிக் கொடுத்த வடிவத்தில் போட்டார்கள். எடை சுமார் 450 கிலோ. இன்றைக்குத் தெருவில் ஓடும் சின்னக் கார்களின் எடையில் ஏறக்குறையப் பாதி.

எடையை எங்கே குறைத்தார்கள் என்பதைச் சட்டத்தைக் கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும். ரேடியேட்டர் மூக்கில் இருக்கிறது, எஞ்சின் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீரும் எண்ணெயும் போய் வர வேண்டும். வேறு யாராக இருந்தாலும் நீளமாக நாலு பைப் போட்டு, கிளாம்ப் வைத்துக் கட்டியிருப்பார்கள். 23-இல் சட்டத்தின் நீளக் குழாய்களுக்கு உள்ளேயே தண்ணீரும் எண்ணெயும் ஓடுகின்றன. காரைத் தாங்கும் எலும்புதான் அதன் ரத்தக்குழாயும்.

வேலை விஷயமாக இங்கிலாந்து போயிருந்தபோது பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தடத்தில் பழைய பந்தயக் கார்களுக்கான கூட்டம் ஒன்றைப் பார்க்க வாய்த்தது. கார்களை நிறுத்தி வைக்கும் பேடாக்கில் ஒரு 23பி (23-இன் அடுத்த ஆண்டு வடிவம்), ஓடி முடித்து அப்போதுதான் வந்து நின்றிருந்தது. முன்பாடியைக் கழற்றிப் புல்லில் வைத்திருந்தார்கள். ஒரே ஆள் தூக்கி வைத்தார். நான் குனிந்து பார்த்துக்கொண்டே சட்டத்தின் மேல்குழாயில் கை வைக்கப் போனேன். "அங்கே வைக்காதீங்க சார், அதுல தண்ணி ஓடுது" என்றார் மெக்கானிக். கை பழுக்கும் சூடு, ஒரு சாண் தள்ளி வைத்தே உணர முடிந்தது. சக்கரங்கள் மக்னீசிய வார்ப்பு. நடுத்தட்டு பொரித்த அப்பளம் மாதிரி நெளிநெளியாக இருக்கும். அந்த நெளிவுதான் மெல்லிய தட்டுக்குப் பலம் கொடுக்கிறது, ஆரக்கால்கள் தேவையில்லாமல் போகிறது. காரின் உயரம் என் இடுப்பைத் தொடவில்லை. ஓட்டுநர் உட்காருவதைவிடப் படுக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே நேரம், விதிப்படி இது தெருவில் ஓட்டத்தக்க இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். சர்வதேச விதிகள் என்ன கேட்டனவோ அத்தனையும் இருந்தது: ஹெட்லைட், பிரேக் லைட், நம்பர் பிளேட்டுக்கு விளக்கு, ஹாரன், வைப்பர், ஹேண்ட் பிரேக், ஸ்டெப்னி, ஒரு சின்னப் பெட்டி வைக்கிற அளவு இடம். ஒவ்வொன்றையும் எந்த அளவில் வைத்தால் போதுமோ அதற்கு மேல் ஒரு கிராம்கூட வைக்கவில்லை. விதிப்புத்தகத்தை வரைபடத்துக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். பின்னால் வந்த வம்பு அங்கிருந்துதான் கிளம்பியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1962 மே 20 அன்று ஹாலந்தின் ஸாண்ட்வூர்ட்டில் லோட்டஸ் 25 முதன்முதலாக ஓடியது. குழாய்ச் சட்டமே இல்லாமல், அலுமினியத் தகடுகளை மடித்து ரிவெட் அடித்துத் தொட்டி மாதிரி செய்த மோனோகாக் ஃபார்முலா ஒன் கார். பந்தயக் கார் கட்டும் முறையையே அது மாற்றிப் போட்டது. அப்படிப்பட்ட யோசனை கையில் இருக்கும்போது அதே தொழிற்சாலை, அதே ஆண்டு, 23-ஐ ஏன் பழைய குழாய் முறையில் செய்தது? காரணம் எனக்குத் தெளிவாகவே படுகிறது. வாங்குபவனுக்கு விலை கட்டுபடியாக வேண்டும். தடுப்பில் மோதிச் சட்டம் கோணிவிட்டால், வளைந்த குழாயை அறுத்தெடுத்து வேறு குழாய் வைத்து வெல்டிங் அடித்து அடுத்த பந்தயத்துக்கு வர முடிய வேண்டும். ரிவெட் அடித்த தொட்டியை எந்த ஊர்ப் பட்டறையில் சரி பண்ணுவது? சாப்மன் தன் அணிக்கு வைத்துக்கொண்டது ஒன்று, கடைக்கு அனுப்பியது இன்னொன்று. சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். 23-ஐப் பொறுத்தவரை அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

சரி, நூர்பர்க்ரிங்.

ஸாண்ட்வூர்ட்டுக்கு அடுத்த ஞாயிறு, மே 27. ஜெர்மனியில் 1000 கிலோமீட்டர் பந்தயம், சுற்றுக்கு 22.8 கிலோமீட்டர், மொத்தம் 44 சுற்று. லோட்டஸ் 23 ஒன்றில் ஜிம் கிளார்க்கும் டிரெவர் டெய்லரும். அந்தக் காரில் ஒரு புது எஞ்சின் இருந்தது. ஃபோர்டின் சாதாரண சிலிண்டர் பிளாக், அதன் தலையில் ஹாரி மண்டி வடிவமைத்த இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) ஹெட். மண்டி பொறியாளர், அப்போது 'ஆட்டோகார்' பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியராக இருந்தார். பிற்பாடு லோட்டஸ் எலானிலும் லோட்டஸ் கார்ட்டினாவிலும் போய் உட்கார்ந்து பெயர் வாங்கிய ட்வின் கேம் எஞ்சின் அதுதான். பந்தயத்துக்கு முதன்முதல் வந்தது அன்றைக்கு, 1500 சிசி அளவில். எதிரே 2.4 லிட்டர் ஃபெராரி, 4 லிட்டர் ஃபெராரி, எட்டு சிலிண்டர் போர்ஷே எல்லாம்.

தடம் நனைந்திருந்தது. ஈரத்தில் குதிரைசக்தி அதிகம் இருப்பவன் அதை இறக்க முடியாமல் தவிப்பான். எடை குறைந்தவனுக்கு அது நல்ல நாள். முதல் சுற்று முடிந்து கிளார்க் தனியாக வந்தார். இரண்டாவதாக டான் கர்னியின் போர்ஷே வர 27 விநாடி ஆனது. ஒரே சுற்றில் 27 விநாடி! அடுத்தடுத்த சுற்றுகளில் இடைவெளி இன்னும் கூடியது. தடம் காயக் காயப் பெரிய எஞ்சின்கள் நெருங்கத் தொடங்கின. அதற்குள் இன்னொரு தொல்லை: எக்ஸாஸ்ட் உடைந்து, புகை ஓட்டுநர் இருக்கும் பக்கமே வந்துகொண்டிருந்தது. 12-ஆம் சுற்றில் அந்தப் புகையில் தலை கிறுகிறுத்து கிளார்க் தடத்தை விட்டு வெளியே போனார். அடி பலமில்லை. பந்தயத்தை ஃபில் ஹில், ஒலிவியே ஜாந்தபியாங் இருவரும் 2.4 லிட்டர் ஃபெராரியில் ஜெயித்தார்கள்.

இதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். அதே பந்தயத்தில் இன்னொரு 23 இருந்தது. இயன் வாக்கர் என்பவரின் தனியார் அணியுடையது, ஒரு லிட்டர் ஃபோர்டு எஞ்சின், ஓட்டியவர்கள் பீட்டர் ஆஷ்டவுனும் புரூஸ் ஜான்ஸ்டனும். அது கடைசி வரை ஓடித் தன் எஞ்சின் அளவு வகுப்பில் முதலிடம் வாங்கியது. கிளார்க்கின் 12 சுற்று எந்த உயரம் வரை போகலாம் என்று காட்டியது. ஆஷ்டவுன், ஜான்ஸ்டன் கார் 1000 கிலோமீட்டர் தாங்கும் என்று காட்டியது. கார் வாங்க நினைத்தவனுக்கு இதில் எது முக்கியம்?

அடுத்த மாதம் பிரான்சின் லெ மான். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

24 மணி நேரப் பந்தயத்துக்கு இரண்டு 23-களை லோட்டஸ் பதிவு செய்தது. ஒன்றில் ஒரு லிட்டர் ஃபோர்டு எஞ்சின், மற்றதில் 750 சிசி வகுப்புக்கான கவென்ட்ரி கிளைமாக்ஸ் எஞ்சின். பந்தயத்துக்கு முன் தொழில்நுட்பப் பரிசோதனை. அதிகாரிகள் ஒவ்வொன்றாகக் குறை சொன்னார்கள்: முன்கண்ணாடி, பெட்ரோல் டேங்கின் கொள்ளளவு, தரைக்கும் காருக்கும் இடைவெளி, திரும்பும் வட்டம். இவற்றையெல்லாம் அங்கேயே சரி செய்துவிடலாம், செய்தார்கள். அப்புறம் சக்கரத்துக்கு வந்தார்கள். 23-இன் முன்சக்கரங்களுக்கு நாலு போல்ட், பின்சக்கரங்களுக்கு ஆறு. எஞ்சினின் இழுவை பின்சக்கரத்துக்குத்தான் போகிறது, அதற்கு ஆறு தேவை. முன்னால் நாலு போதும், மிச்சம் எடை. சாப்மனின் கணக்கு அப்படி. ஆனால் ஸ்டெப்னி ஒன்றுதானே? அது நாலு போல்ட்டா, ஆறு போல்ட்டா? முன்னுக்குப் போட்டால் பின்னுக்குச் சேராது. ஆகவே விதிப்படி அது ஸ்டெப்னியே ஆகாது என்றார்கள்.

கேள்வி நியாயமானதுதான். லோட்டஸ் ஆட்கள் செஷன்டில் அவசரமாகப் பின்சக்கரத்துக்கு நாலு போல்ட் ஹப் (சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம்) செய்ய வைத்து, விமானத்தில் வரவழைத்து, மாட்டிக் காட்டினார்கள். அதற்கு வந்த பதில்தான் இன்றைக்கும் படிக்கும்போது ரத்தம் கொதிக்க வைக்கிறது: முதலில் ஆறு போல்ட் தேவை என்று நீங்களே வடிவமைத்தீர்கள் என்றால், நாலு போல்ட் பாதுகாப்பானதாக இருக்க முடியாது. ஆகவே அனுமதி இல்லை. ஆறு இருந்தால் விதிக்குப் புறம்பு, நாலு இருந்தால் ஆபத்து. எந்தப் பக்கம் போனாலும் சுவர். சின்ன எஞ்சின் வகுப்புகளிலும், எஞ்சின் அளவுக்கு ஏற்பக் கணக்கிடும் பரிசிலும் பிரெஞ்சுக் கார்களுக்கு ஆசை இருந்தது, நூர்பர்க்ரிங்கில் நடந்ததைக் கேள்விப்பட்டுப் பயந்துவிட்டார்கள் என்று இங்கிலாந்துப் பக்கம் அப்போதிலிருந்தே பேச்சு உண்டு. இனி லெ மானுக்கு வரவே மாட்டேன் என்று சாப்மன் சொன்னார். 1982 டிசம்பரில் அவர் சாகும் வரை அவருடைய சொந்த அணியான டீம் லோட்டஸ் அங்கே திரும்பிப் போகவில்லை.

நான் சாப்மன் பக்கம்தான். இருந்தாலும் அந்தப் பரிசோதகர்கள் இருந்த இடத்தில் நின்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1960-இல், பெல்ஜியத்தின் ஸ்பாவில் பயிற்சியின்போது ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸ் 18-இன் பின்சக்கரம் கழன்று போனது. மாஸுக்குக் கால்கள் முறிந்தன. அதே பயிற்சியில் மைக் டெய்லரின் லோட்டஸில் ஸ்டியரிங் உடைந்து, அவருடைய பந்தய வாழ்க்கையே முடிந்தது. லோட்டஸின் பின்ஹப் தாங்குமா என்று ஒரு அதிகாரி 1962-இல் கேட்டால் அதைக் கெட்ட எண்ணம் என்று முழுசாகத் தள்ளிவிட முடியாது. எடை குறைக்கும் பித்து சாப்மனைச் சில கார்களில் எல்லைக்கு அப்பால் கொண்டுபோனது உண்மை. அதற்கு விலை கொடுத்தவர்கள் ஓட்டுநர்கள். ஆனால் 23 அந்த வரிசையில் சேராது. சந்தேகம் இருந்தால் ஹப்பைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். வாதத்தில் மடக்கி அனுப்பியதுதான் தப்பு.

அந்த ஆண்டு லெ மானில் லோட்டஸே இல்லாமல் போகவில்லை. டீம் எலீட் என்ற தனியார் அணியின் லோட்டஸ் எலீட் காரை டேவிட் ஹாப்ஸும் ஃபிராங்க் கார்ட்னரும் ஓட்டி, மொத்தத்தில் 8-ஆவதாகவும் தங்கள் வகுப்பில் முதலாகவும் வந்தார்கள். சாப்மன் கோபித்துக்கொண்டு போனபோதும் அவர் விற்ற கார் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தது.

1963-இல் 23பி வந்தது. 1.6 லிட்டர் ட்வின் கேம், அதைத் தாங்கும்படி உறுதிப்படுத்திய சட்டம், ஹியூலண்ட் நிறுவனத்தின் ஐந்து கியர் பாக்ஸ். இங்கிலாந்தில் நார்மண்ட் என்ற தனியார் அணி இந்தக் கார்களை வாங்கி மைக் பெக்வித், டோனி ஹெக்போர்ன் இருவரையும் ஓட்ட வைத்தது; கிளார்க்கும் அவர்களுக்காக ஓட்டினார். பிறகு அகல டயருக்காகப் பாடியை வெட்டி விரித்த 23சி. இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. எனக்குப் பிடித்தது கிழக்கே வந்த கார்கள்.

1963 மே மாதம் ஜப்பானின் சுசூக்காவில் முதல் ஜப்பானிய கிராண்ட் பிரீ. ஹோண்டா கட்டிய தடம், திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஃபார்முலா ஒன் அல்ல, ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான பந்தயம். ஜெயித்தவர் பீட்டர் வார், லோட்டஸ் 23. இந்த பீட்டர் வார் லோட்டஸ் காம்பொனன்ட்ஸில் வேலை பார்த்தவர். இந்தக் கார்களை விற்கும் பிரிவின் ஆள், தானே ஒன்றை ஓட்டிக்கொண்டு ஜப்பான் வரை வந்து ஜெயித்துவிட்டுப் போனார். பின்னாளில் டீம் லோட்டஸ் ஃபார்முலா ஒன் அணியின் மேலாளர் ஆனவரும் இவரேதான். ஒரு காருக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன இருக்க முடியும்?

அதே 1963-இல் சிங்கப்பூரின் தாம்சன் ரோடு பந்தயம். ஹாங்காங்கைச் சேர்ந்த ஆல்பர்ட் பூன் லோட்டஸ் 23-இல் ஜெயித்தார். 1964-இல் மக்காவ் கிராண்ட் பிரீ. மறுபடி பூன், மறுபடி 23. 1965-இல் தாம்சன் ரோட்டில் மீண்டும் பூன், மீண்டும் 23. தொழிற்சாலை அணி கிடையாது, கூடவே வரும் பொறியாளர் படை கிடையாது. நனைந்த தெரு, சாக்கடை ஓரம், விளக்குக் கம்பம், பஸ் ஸ்டாப். இப்படிப்பட்ட இடங்களில் ஓடுவதற்கு லேசான, உடைந்தால் வெல்டிங் அடித்து எழுப்பக்கூடிய கார்தான் சரி.

தாம்சன் தடத்தை இங்கே இருப்பவர்கள் இன்றைக்கும் நடந்து பார்க்கலாம். அப்பர் தாம்சன் ரோடும் பழைய அப்பர் தாம்சன் ரோடும் சேர்ந்தது அது, சுற்றுக்கு 4.8 கிலோமீட்டர். 1961-இல் சுற்றுலாவை வளர்க்கத் தொடங்கிய பந்தயம், 1973 வரை நடந்தது. சாவுகள் நேர்ந்தன, சாலையில் வேகம் காட்டும் பழக்கத்தை இது வளர்க்கிறது என்ற கவலையும் சேர்ந்தது, நிறுத்திவிட்டார்கள். பிரதான சாலை இப்போது பஸ்ஸும் லாரியும் ஓடும் சாதாரண சாலை. பழைய சாலை காட்டு ஓரமாக ஒருவழிப் பாதையாக வளைந்து போகிறது. ஒரு பக்கம் நடப்பவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். குரங்குகள் நடுச்சாலையில் உட்கார்ந்திருக்கும். அந்த வளைவுகளில் நடந்து பாருங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு குறுகல், ஒன்று முடிவதற்குள் அடுத்தது எப்படி எதிர்ப்பக்கம் திரும்புகிறது என்று பார்த்தால், பெரிய எஞ்சின் வைத்திருந்தவர்கள் இந்தப் பகுதியில் அந்தச் சின்னக் காரை ஏன் பிடிக்க முடியவில்லை என்பது கால்களுக்கே தெரிந்துவிடும்.

மொத்தம் 130 வண்டிகள் அளவில்தான் லோட்டஸ் 23-ஐச் செய்தது, மூன்று வடிவங்களும் சேர்த்து. இன்றைக்கு உலகத்தில் அதைவிட அதிகமாகவே 23-கள் இருக்கும். ஏனென்றால் பிற்காலத்தில் வேறு ஆட்கள் இதே வடிவில் நகல் செய்து விற்றார்கள். குழாய்ச் சட்டம்தானே, வரைபடம் இருந்தால் கட்டிவிடலாம். அசலிலும் சிக்கல் உண்டு. நாலு தடவை மோதி, நாலு தடவை குழாய் மாற்றிய கார் எந்த அளவுக்கு அசல்? சட்டமே மாற்றப்பட்டு அதன் எண் தகடு மட்டும் பழையதாக இருந்தால்? வாங்குபவர்களும் ஏலக்காரர்களும் இதில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். மாற்றிய குழாயை மறைக்காத காரைத்தான் நான் மதிப்பேன். பழுது பார்த்து ஓட்டுவதற்கென்றே செய்த காரில் பழுது பார்த்த தழும்பு இருப்பதில் என்ன குறை? பிராண்ட்ஸ் ஹாட்சில் பார்த்த காரில் பின்பக்கம் மூன்று இடத்தில் வெல்டிங் நிறம் மாறித் தெரிந்தது. உரிமையாளர் அதை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டி, எந்த வருஷம், எந்த வளைவு என்று சொல்லிக்கொண்டே போனார்.

பூன் ஓட்டிய 23-இன் படங்கள் சில இணையத்தில் கிடைக்கின்றன. எல்லாம் தொடக்கக் கோட்டில் எடுத்தவை. வளைவுகளில் எடுத்த படங்கள் நான் தேடிய வரை கிடைக்கவில்லை. செம்பவாங், நீ சூன் வட்டாரங்களில் அந்தக் காலத்தில் இருந்த நம்மவர்கள் எத்தனையோ பேர் தாம்சன் தடத்தின் ஓரம் நின்று பார்த்திருப்பார்கள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ 1963-லோ 1965-லோ அங்கே போயிருந்தால், வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால், ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். தரையோடு ஒட்டிக்கொண்டு போகிற, சக்கரத்தின் உயரமே காரின் உயரம் மாதிரித் தெரிகிற ஒரு சின்ன வண்டி அதில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.